மூச்சைப் பிடிக்காதே! ஸ்கூபா முதல் வகுப்புக்குப் பின்னால் இருக்கும் 300 வருஷம்

ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போனால், அது அந்தமானோ எகிப்தோ மெக்சிகோவோ, முதல் வகுப்பில் சொல்லித்தருவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆழத்துக்குக் கூட்டிப்போகும் முன், நீச்சல் குளத்திலோ மார்பளவுக் கடல் தண்ணியிலோ நிற்க வைத்து, ஒரு அரை மணி நேரத்தில் இந்த ஐந்தையும் சொல்லிவிடுவார்கள்:

1. என்ன நடந்தாலும் மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க. விட்டு விட்டு இழுத்துக்கிட்டே இருங்க.
2. காது வலிக்கிறதுக்கு முன்னாடியே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதி சரி பண்ணிக்குங்க.
3. மேலே வரும்போது மெதுவா வாங்க.
4. தனியாப் போகாதீங்க.
5. காத்து எவ்வளவு மிச்சம் இருக்கு, எவ்வளவு ஆழத்துல இருக்கீங்கன்னு பாத்துக்கிட்டே இருங்க. சொன்ன ஆழத்தைத் தாண்டாதீங்க.

கேட்டால் ஏதோ பொதுப்புத்தி மாதிரி இருக்கும். "இதுக்கு ஒரு வகுப்பா?" என்றுகூடத் தோன்றும். ஆனால் இந்த ஐந்தில் ஒன்றுகூட யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் செவிப்பறை கிழிந்தவர்கள், கால் விளங்காமல் போனவர்கள், செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். இந்த வரலாற்றைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கு கண்ணில் படுகிறது. முதலில் கருவி வரும். அதை எப்படிப் பயன்படுத்தினால் உயிரோடு திரும்பலாம் என்கிற பாடம் பல வருஷம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் இறங்கியவர்கள்தான் விலை கொடுத்தவர்கள்.

வகுப்பில் சொல்லும் வரிசையில் போகாமல், மனிதர்கள் கற்றுக்கொண்ட வரிசையில் பார்க்கலாம்.

மூச்சை அடக்கியவர்கள்

முதல் விதியின் விசித்திரம் புரிய வேண்டுமென்றால் முத்துக்குளிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகத்திலேயே பழைய கடல் தொழில்களில் ஒன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அந்த வேலை நடந்தது என்றும் சொல்கிறது.

முறை எளிமையானது. காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் ஒரு பை, மேலே படகில் கயிறு பிடிக்க ஒருவர். குளிக்கிறவர் மூச்சை இழுத்து அடக்கி, கல்லின் கனத்தில் சரசரவென்று இறங்குவார். முத்துப்பார்கள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குள் இருந்தன. ஒரு நிமிஷம், அல்லது அதற்கும் கொஞ்சம் கூட. கையில் அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டுவிட்டுக் கயிறை இழுத்துச் சொன்னால் மேலே தூக்கிவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் எல்லாத் திறமையும் ஒன்றில்தான் இருக்கிறது: மூச்சை அடக்குவது. யார் அதிக நேரம் அடக்குகிறாரோ அவர்தான் நல்ல குளியாளி. மூச்சை விட்டுவிட்டால் செத்தார். உலகம் முழுக்க, ஜப்பானின் அமா பெண்களிலிருந்து கிரேக்கத்தின் கடற்பஞ்சு எடுப்பவர்கள் வரை, இதே கதைதான். ஆயிரக்கணக்கான வருஷமாக, தண்ணிக்குள் போவது என்றாலே மூச்சைப் பிடிப்பது.

ஸ்கூபாவின் முதல் விதி இதை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், காதைப் பார்த்துவிடுவோம். அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது.

காது: 1704-இன் ஒரு வைத்தியம்

தண்ணிக்குள் இரண்டு மீட்டர் போனாலே காது வலிக்கத் தொடங்கும். முதல் வகுப்புக்கு வருபவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. 'இன்னும் 10 மீட்டர் இருக்கே, அங்கே என்ன ஆகும்?' என்று பயப்படுவார்கள். உண்மையில் மேல்மட்டம்தான் கஷ்டம். கடல் மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டரில் அது இரண்டாகிறது, அதாவது இரட்டிப்பு. அடுத்த 10 மீட்டரில் இரண்டு மூன்றாகிறது, அதாவது ஒன்றரை மடங்குதான். ஆழம் கூடக்கூட மாற்றத்தின் விகிதம் குறைகிறது.

காதுவலி பழைய பிரச்சினை. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் 'பிரச்சினைகள்' என்ற நூல், கடலில் முழுகுபவர்களின் செவிப்பறை ஏன் கிழிகிறது என்று கேள்வி எழுப்புகிறது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி 1690களில் ஒரு முழுகுமணி செய்து அதற்குள் உட்கார்ந்து இறங்கிப் பார்த்தவர். மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய கூண்டு. உள்ளே காற்று அடைபட்டிருக்கும். பின்னாளில் எழுதிய கட்டுரையில் காதுவலியை அவர் விவரிக்கிறார். கூட வந்தவர்களில் ஒருவர் வலியைத் தடுக்கலாம் என்று காகிதத்தை மென்று காதில் அடைத்துக்கொண்டாராம். அழுத்தம் அந்தக் காகிதத்தை உள்ளே தள்ளிவிட்டது. வெளியே எடுக்க மருத்துவர் பெரும்பாடு பட்டார். இன்றைக்கும் டைவிங் போகும்போது காதில் பஞ்சோ அடைப்பானோ வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதேதான்.

தீர்வு கடலிலிருந்து வரவில்லை. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூறியலாளர் பர்த்தலோமியோ யூஸ்டாக்கி விவரித்தார். அவர் பெயரில்தான் யூஸ்டேஷியன் குழாய். 1704-இல் இன்னொரு இத்தாலியர், அந்தோனியோ வல்சால்வா, காதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வாயை மூடி, மூக்கைப் பிடித்து, ஊதினால் நடுக்காதுக்குள் காற்று போகும் என்று அதில் சொன்னார். எதற்காக? காதில் தங்கிய சீழை வெளியேற்ற!

சீழ் எடுக்கச் சொன்ன வைத்தியம், இன்று ஸ்கூபா வகுப்பில் கற்றுத்தரும் முதல் பயிற்சி. அதன் பெயரே 'வல்சால்வா'தான். வலி வந்தபின் ஊதினால் குழாய் ஏற்கெனவே நசுங்கி மூடியிருக்கும், திறக்காது. அதனால்தான் வலிக்கும் முன்பே ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யச் சொல்கிறார்கள். திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயற்சி. அழுத்தி ஊதக்கூடாது.

ஜோடி: மூழ்கிய போர்க்கப்பல் தந்த விதி

1782 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பக்கத்தில் 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பல் நங்கூரத்தில் நின்றபடியே கவிழ்ந்து மூழ்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கப்பலின் சிதைவு அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மற்ற கப்பல்களுக்கு இடைஞ்சலாகக் கிடந்தது. அதை வெடிவைத்து அப்புறப்படுத்தும் வேலை 1839-இல் கர்னல் சார்லஸ் பாஸ்லியிடம் வந்தது. 1843 வரை நடந்தது.

அப்போது ஆகஸ்டஸ் சீபே என்பவர் செம்பு ஹெல்மெட்டும் உடம்பை முழுக்க மூடும் ரப்பர் துணி உடையும் செய்திருந்தார். மேலிருந்து பம்ப் மூலம் குழாய் வழியாகக் காற்று வரும். பாஸ்லி தன் ஆட்களை இரண்டிரண்டு பேராக இறங்கி வேலை செய்யச் சொன்னார். ஜோடியாக முழுகும் முறைக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் சாட்சி இதுதான் என்கிறார்கள். இன்றைக்கு ஸ்கூபா வகுப்பில் உங்களுக்கு ஒரு கூட்டாளியைக் காட்டி "இவரை விட்டு விலகாதீங்க" என்று சொல்வது அந்த வழியில் வந்தது.

பாஸ்லி இன்னொன்றையும் கவனித்தார். வேலை செய்த ஆட்கள் பலருக்கு மூட்டுவலியும் குளிர் நடுக்கமும். 'வாதம்' என்று எழுதி வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்கில் நின்றால் வராமல் என்ன செய்யும்? ஆனால் அது வாதம் இல்லை. அது என்ன என்று தெரிய இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

மெதுவாக ஏறு: பாலம் கட்டியவர்களும் ஆடுகளும்

இதற்கான விடை, சொல்லப்போனால், 1670-இலேயே ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. ராபர்ட் பாயில் (பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாயில் விதி, 1662) ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். பாம்பின் கண்ணுக்குள் ஒரு சிறு குமிழி அங்குமிங்கும் நகர்வதைப் பார்த்து எழுதி வைத்தார். அழுத்தம் குறைந்தால் உடம்புத் திரவங்களில் குமிழி உண்டாகும் என்பதுதான் அது. அந்தக் குறிப்பால் அப்போது யாருக்கும் பயன் இல்லை, ஏனென்றால் அவ்வளவு அழுத்தத்தில் மணிக்கணக்கில் வேலை செய்யும் மனிதர்கள் அன்று இல்லை.

19-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். 1841-இல் பிரான்சில் ட்ரிஷே என்ற பொறியாளர், ஆற்றங்கரை நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகாமலிருக்க அழுத்தக் காற்றை உள்ளே நிரப்பி ஆட்களை வேலை செய்ய வைத்தார். வேலை அருமையாக நடந்தது. ஆட்களுக்குத்தான் வலி வந்தது. 1854-இல் போல், வத்தெல் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைக் கவனித்து ஒரு விஷயம் எழுதினார்கள்: உள்ளே இருக்கும்போது ஒன்றும் ஆவதில்லை, வெளியே வரும்போதுதான் ஆபத்து. மறுபடி அழுத்தத்துக்குள் அனுப்பினால் வலி குறைகிறது என்பதையும் கண்டார்கள். பிற்கால சிகிச்சையின் விதை முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பாலங்கள் வந்தன. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அஸ்திவாரம் போட, கவிழ்த்த பெட்டி மாதிரி பிரம்மாண்டமான மர அறைகளை இறக்கி, அழுத்தக் காற்றை நிரப்பி, உள்ளே ஆட்கள் மண் தோண்டினார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களில் 100-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். வலியில் முன்பக்கம் வளைந்து நடந்தார்கள். அன்றைய பெண்களிடையே இப்படி வளைந்து நிற்பது ஒரு நாகரிகமாக இருந்ததால், அந்தப் பேரை வைத்துக் கேலி செய்தார்கள். அந்தக் கேலிப்பெயர்தான் 'பெண்ட்ஸ்' என்று இன்றும் நிற்கிறது. பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் பாதிக்கப்பட்டுப் படுத்துவிட்டார். அவர் மனைவி எமிலிதான் அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவில் நின்று, 1883-இல் பாலம் திறக்கும் வரை வேலையை நடத்திக்கொடுத்தார்.

1878-இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் காரணத்தை நிறுவினார். அழுத்தத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகிறது. சோடா பாட்டிலை டப்பென்று திறந்தால் பொங்குகிற மாதிரி. மெதுவாகத் திறந்தால் பொங்காது.

சரி, மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் இதை ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். அழுத்த அறையில் ஆடுகளை வைத்து விதவிதமான வேகத்தில் அழுத்தத்தைக் குறைத்தார். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அடையாளம். 1908-இல் வெளியான அவருடைய ஆய்வும் அட்டவணைகளும்தான் இன்று கையில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டரின் மூதாதை.

ஆனால் நாம் வகுப்பில் கேட்கும் வேகத்துக்குப் பின்னால் இருப்பது முழுக்க அறிவியல் என்று நினைத்துவிட வேண்டாம். 1950களில் அமெரிக்கக் கடற்படை புது விதி எழுதியபோது, சிலிண்டரோடு நீந்தும் வீரர்கள் நிமிஷத்துக்கு 100 அடி வேண்டும் என்றார்கள். கனத்த ஹெல்மெட் உடையில் கயிற்றில் தூக்கப்படுபவர்களுக்கு அந்த வேகம் முடியவே முடியாது. இரண்டு தரப்பும் பேசி 60 அடியில், அதாவது 18 மீட்டரில், முடித்தார்கள். பேரம்தான்! பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். 1990களில் அந்தக் கடற்படையே அதை 30 அடியாகப் பாதிக்குப் பாதி குறைத்தது. இன்று பல பயிற்சியாளர்கள் சொல்வது நிமிஷத்துக்கு 9 மீட்டர். 'உங்கள் சின்னக் குமிழிகளை முந்தாதீர்கள்' என்பது பழைய எளிய கணக்கு.

கார் எஞ்சினிலிருந்து கடலுக்கு

இதுவரை சொன்ன எல்லாருக்கும் மேலிருந்துதான் காற்று வந்தது. முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் இழுத்துச் சுவாசிப்பது வேறு கதை. 1860களில் ருக்கேரோல் என்ற பிரெஞ்சு சுரங்கப் பொறியாளரும் தெனேருஸ் என்ற கடற்படை அதிகாரியும் அதற்கான வால்வைச் செய்துவிட்டார்கள். ஆனால் அதிக அழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டர் அன்று இல்லை.

1942 டிசம்பர், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸ். பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் காஞான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவைக் கொடுக்கும் வால்வு. கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரிடம் வந்து, தண்ணிக்குள் மனுஷன் இழுக்கும் அளவுக்குக் காற்று கொடுக்க ஒரு கருவி வேண்டும் என்றார். எஞ்சினுக்குப் பதில் நுரையீரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் முதல் சோதனை. கிடையாக நீந்தும்போது நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்க முடியவில்லை. மூச்சு வெளியேறும் வால்வும் காற்று கொடுக்கும் வால்வும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்ததும் தீர்ந்தது. அந்த வருஷக் கோடையில் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் இறங்கினார். 'அக்குவாலங்' பிறந்தது.

அந்த ரெகுலேட்டரின் அழகு இதுதான்: எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும். 10 மீட்டரில் நுரையீரலை நசுக்க வரும் தண்ணீருக்குச் சமமான அழுத்தத்தில் காற்று. அதனால் கஷ்டமே இல்லாமல் சுவாசிக்கலாம். அந்த அழகில்தான் புது ஆபத்தும் ஒளிந்திருந்தது.

மூச்சைப் பிடிக்காதே

கணக்கு போட்டுப் பாருங்க. முத்துக்குளிக்கிறவர் மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, காற்று 3 லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வந்ததும் மறுபடி 6 லிட்டர். ஆரம்பித்த அளவைத் தாண்டவே தாண்டாது. அவர் மூச்சைப் பிடித்திருப்பதில் நுரையீரலுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஸ்கூபா போட்டவர் 10 மீட்டரில் நின்று 6 லிட்டர் இழுக்கிறார். ஏதோ பயம். மாஸ்க்கில் தண்ணி புகுந்துவிட்டது என்று வையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே போகிறார். அந்த 6 லிட்டர் மேலே வரும்போது 12 லிட்டராக வேண்டும். நுரையீரலில் அதற்கு இடம் இல்லை. கிழிகிறது. காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. பக்கவாதம், மயக்கம், மரணம், எல்லாம் சில நிமிஷங்களுக்குள். இதற்கு ஆழம்கூட வேண்டாம். நிறைந்த நுரையீரலோடு 1.2 மீட்டரிலிருந்து ஏறினாலே போதும். நீச்சல் குளத்தின் ஆழம்!

இதையும் பாடமாகக் கற்றது விபத்துகளிலிருந்துதான். மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பிக்க 1920களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை 'மாம்சன் லங்' என்ற சுவாசப் பையைக் கொண்டுவந்தது. வீரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டியில் பயிற்சி. ஆழமில்லாத தண்ணீரிலிருந்து மேலே வந்தவர்கள் சிலர் சுருண்டு விழுந்தார்கள், உயிரும் போனது. 'பெண்ட்ஸ்' வருமளவு ஆழமும் இல்லை, நேரமும் இல்லை. 1932-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவ இதழில் வந்த கட்டுரைகள் காரணத்தைச் சொல்லின: ஏறும்போது மூச்சை அடக்கியிருந்தார்கள்.

ஆக, விதி 1932-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கடற்படைக்குள். அக்குவாலங் 1940களின் கடைசியில் அமெரிக்க விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்தபோது, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிப் போகலாம். வகுப்பு எதுவும் கிடையாது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரும் கிடையாது. இழுக்கக் கஷ்டமானால் முடியப்போகிறது என்று அர்த்தம். பிறகு, ஒரு கம்பியை இழுத்தால் கொஞ்சம் மிச்சக் காற்று வரும்படி வால்வு வைத்தார்கள். மீட்டர் பரவலானது 1970களில்தான்.

கூஸ்தோவின் குழுவே தப்பவில்லை. 1946-இல் ஃபோன்தேன் தெ வோக்ளூஸ் என்ற ஊற்றுக் குகையில் அவரும் துய்மாவும் சாகப் பார்த்தார்கள். காற்று அடைத்த கம்ப்ரஸர் தன் புகையையே உள்ளே இழுத்து, சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. 1947-இல் மொரிஸ் ஃபார்க் என்ற அனுபவசாலி ஆழச் சாதனைக்காக 120 மீட்டர் பக்கம் போய், நைட்ரஜன் மயக்கத்தில் உயிரிழந்தார். முதல் தடவை வருகிறவரை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை என்று பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் கோடு போட்டிருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன.

பாடம் எழுதியவர்

முதல் பாடத்திட்டம் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் 1950களின் தொடக்கத்தில் உருவானது. எழுதியவர்களில் முக்கியமானவர் கான்ராட் லிம்பா என்ற கடல் உயிரியலாளர். மாணவர்களும் ஆய்வாளர்களும் பயிற்சி இல்லாமல் அக்குவாலங்கைப் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, தேர்வு, குளத்துப் பயிற்சி, கடல் பயிற்சி என்று ஒழுங்கு செய்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பூங்கா நிர்வாகம் 1954-இல் தன் ஆட்களை அங்கே அனுப்பிக் கற்கவைத்து, பொதுமக்களுக்கான பயிற்சியைத் தொடங்கியது. பிரிட்டனில் 1953-இல் தொடங்கிய கிளப்பும், 1960-இல் வந்த நவி, 1966-இல் வந்த பாடி போன்ற அமைப்புகளும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

அப்படித்தான் அந்தப் பயிற்சியும் வந்தது: ரெகுலேட்டரை வாயிலிருந்து எடு, சின்னச் சின்னக் குமிழியாக ஊதிக்கொண்டே இரு, கையைச் சுழற்றிக் குழாயைப் பிடி, மறுபடி வாயில் வை. கேட்டால் ரெகுலேட்டரைத் தேடி எடுக்கும் பயிற்சி என்பார்கள். உண்மையில் அதில் கற்றுத்தருவது அந்த ஊதல்தான். பயத்தில் மூச்சை அடக்கும் கைவந்த பழக்கத்தை உடம்பிடமிருந்து பிடுங்குவது.

லிம்பா 1960 மார்ச்சில் பிரான்சின் தென்கரையில் போர்-மியூ என்ற இடத்தில், தண்ணிக்கடியிலிருந்த குகைக்குள் கூட வந்தவரிடமிருந்து பிரிந்து, வழி தவறி இறந்தார். பாடம் எழுதியவரே. குகைக்குள் வழிகாட்டும் கயிறு இல்லாமல் போகாதே என்பது இன்னொரு பாடம். அது முழுமையாக எழுதப்பட இன்னும் பலர் சாக வேண்டியிருந்தது.

பாடம் போய்ச்சேராத இடம்

நம் பக்கத்துக் கடலுக்கும் ஸ்கூபா அதே 1950களில் வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்ததற்கு முக்கியக் காரணமே டைவிங்தான். இன்று அதே கடலில் சுற்றுலாப் பயணி பணம் கட்டினால், உடல்நலப் படிவம், அரை மணி நேரப் பாடம், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு இன்ஸ்ட்ரக்டர் எல்லாம் கிடைக்கும்.

ஆனால் மன்னார் பக்கம், வட இலங்கைக் கரையோரம், கடல் அட்டைக்காகவும் சங்குக்காகவும் சிலிண்டர் கட்டி இறங்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். முத்துக்குளித்தவர்கள் இறங்கிய அதே கடல். பெரும்பாலும் அவர்களுக்குச் சிலிண்டர் கிடைத்தது, வகுப்பு கிடைக்கவில்லை. ஒரே நாளில் பல சிலிண்டர், நடுவில் ஓய்வு குறைவு. கை கால் மரத்துப்போனால் 'வாதம்' என்று நினைப்பது பாஸ்லியின் ஆட்கள் 180 வருஷத்துக்கு முன் நினைத்த மாதிரியேதான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் மிஸ்கிட்டோ பழங்குடியினர் சிங்கி இறாலுக்காக ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேற்பட்ட சிலிண்டர்களோடு இறங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் முடமானார்கள். அவர்களில் 42 பேருடைய வழக்கில் 2021 ஆகஸ்டில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்சியும் பாதுகாப்பும் உறுதி செய்யாதது அரசின் பொறுப்பு என்று பதிவானது. ஹால்டேன் அட்டவணை வெளியாகி அப்போது 113 வருஷம்.

கருவிக்குக் கால் முளைத்திருக்கிறது. கடைக்கு வரும், கடன் வாங்கலாம், படகில் ஏற்றலாம். பாடத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அடுத்த தடவை யாராவது "மூச்சைப் பிடிக்காதீங்க" என்று சொல்லிக் கேட்டால், அது எவ்வளவு விலையுள்ள வாக்கியம் என்று யோசிச்சுப் பாருங்க. அதைத் தமிழில், கடற்கரை ஊர்களில், சிலிண்டர் வாடகைக்குக் கொடுக்கும் இடத்திலேயே சொல்ல ஒரு ஏற்பாடு இருந்தால், அரை மணி நேரம் போதும். எழுத வேண்டியதை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.